பெட்டிக்குள் நின்ற தோட்டா

அத்தியாயம் 4

இன்று துப்பாக்கிப் பெட்டிக்குள் தோட்டா எதுவும் நிமிர்ந்து நிற்கவில்லை. ஐவி ஹால்வர்சனைப் பயமுறுத்தியது அதுதான்.

"திங்கக்கிழமை மூணு நின்னுச்சு. செவ்வாய்க்கிழமை ரெண்டு. நேத்து ஒண்ணு. வரிசையா, பல்லு மாதிரி. இன்னிக்கு ஒண்ணும் இல்ல." அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "ஆனா டப்பாவுல இருபதுக்கு பத்தொம்பதுதான் இருக்கு."

சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனி சாம்பல் நிறத்தில் கிடந்தது. முற்றத்தில் ஐவி ஓட்டும் மஞ்சள் பள்ளிப் பேருந்து, முகப்பு முழுக்கப் பனி அப்பிக்கொண்டு நின்றது.

"ஒருவேளை அந்தத் தோட்டாவுக்கு வெக்கம் வந்து ஓடிப்போயிருக்கும்," என்றான் டெல்மர் பிக்கெட்.

சிரிப்பு வரவில்லை. அவனுக்கே வரவில்லை. டெல் இருபது வருடம் எருதுச் சவாரி நடக்கும் ரோடியோ மைதானங்களில் கோமாளி வேஷம் போட்டவன். கீழே விழுந்த வீரனை எருது குத்தாமலிருக்க, அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் வேலை. ஐந்தடி உயரம், ஒட்டடைக் குச்சி உடம்பு. பயம் அதிகமாகும்போது அவன் வாய் தானாக நகைச்சுவை பேசும். இன்று காலையிலிருந்து நிறுத்தவே இல்லை.

அவனுடைய முதலாளி, துப்பறியும் வெர்னா ஸ்ட்ரவுட், சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். "பெட்டியோட நம்பர் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான். எங்கயும் எழுதி வைக்கல. எங்கம்மா செத்த தேதி."

"பூட்டை உடைச்ச அடையாளம்?"

"ஒரு கீறல்கூட இல்ல. அதனாலதான் ஷெரிப் ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. நானே தூக்கத்துல எந்திரிச்சு வெக்கிறேனாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நிஜமாவே அப்படி இருக்குமோன்னு எனக்கே தோணுது, மிஸஸ் ஸ்ட்ரவுட். ராத்திரி கைய கட்டில்ல கட்டிட்டு படுத்தேன்."

ஐவியின் கதை இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பேருந்தோடு திரும்பி வரும்போது, வில்லோ வளைவில் ஒரு பிக்கப் வண்டி நிற்பதைப் பார்த்தாள். யாரோ குனிந்து எதையோ சாலையோரம் இழுத்தான். பிறகு வண்டி பறந்துவிட்டது. அதன் ஒரு பின்விளக்கு உடைந்திருந்தது. மறுநாள் அங்கே சாலையோரப் பள்ளத்தில், வண்டி மோதிச் செத்த பண்ணை வேலைக்காரர் டெஸ்மரின் உடல் கிடைத்தது. விளக்கு உடைந்த விஷயத்தை உள்ளூர் ஷெரிப் ஆபீஸின் போலீஸ் அதிகாரி, டெபுடி கார்மக்கிடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் மூச்சு விடாதீர்கள், உங்களுக்குத்தான் ஆபத்து என்றார் அவர். வீட்டிலிருக்கும் அப்பாவின் ரைஃபிளைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி வாங்கச் சொன்னதும் அவரே. இப்போது வழக்கு மாநில போலீசுக்குப் போய்விட்டது. அந்தச் சாலையில் தினமும் போகிறவள் என்பதால் ஐவியிடமும் வாக்குமூலம் வாங்க, இன்று மதியம் மூன்று மணிக்கு ஒரு சார்ஜென்ட் வரப் போகிறார்.

கடிகாரம் ஒன்றரை காட்டியது.

"பெட்டியப் பாக்கலாம்," என்று எழுந்தாள் வெர்னா.

துணி துவைக்கும் அறையின் கோடியில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது அது. கறுப்பு நிறம். கதவில் தங்க நிறத்தில் ஒரு கரடிப் படம். பெரிய சக்கரக் கைப்பிடி, எண்களைத் தட்ட ஒரு பலகை. பார்த்தால் வங்கியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தது போலிருந்தது. வெர்னா முப்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கொள்ளை போன பெட்டிகளைப் பார்த்து வந்தவள். அவள் அந்தக் கரடியை மதிக்கவில்லை.

ஐவி எண்ணைத் தட்டினாள். 'பீப்' என்று கதவு திறந்தது.

"இருபத்து நாலு துப்பாக்கி கொள்ளும்னு போட்டிருக்கான்," என்றாள் வெர்னா. "துடைப்பக்குச்சின்னா கொள்ளும். நிஜத் துப்பாக்கி பன்னெண்டு வெச்சா முட்டும். அரை மணி நேரம் தீ தாங்குமாம். யாரு கொளுத்திப் பாத்தது? ஸ்டிக்கர் ஒட்டுனவனா?" கதவின் ஓரத்தில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரல் பருமன் தாழ்ப்பாள்களைத் தடவினாள். "இது பரவால்ல. போட்ட காசெல்லாம் கதவுலதான் இருக்கு." பிறகு பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டினாள். டொங் டொங் என்றது. "இது பிஸ்கட் டின்."

"அப்ப ஏமாந்துட்டேனா?" என்றாள் ஐவி.

"அப்படி இல்லம்மா. சின்னப் புள்ளைங்க கை படாம இருக்க, அவசரத் திருடன் தூக்கிட்டுப் போகாம இருக்க, இந்த விலைக்கு இது போதும். வாங்குறவங்க எல்லாம் கதவத்தான் திறந்து திறந்து மூடிப் பாக்கிறாங்க. சரி, இந்தப் பெட்டிய இங்க கொண்டுவந்து வெச்சது யாரு?"

"கார்மக்தான். காலிப் பெட்டிய தன்னோட பிக்கப்லயே ஏத்திட்டு வந்து இறக்கி, போல்ட்டும் போட்டுக் குடுத்தார். நல்ல மனுஷன். ரைஃபிள நான் அப்புறமா எடுத்து உள்ள வெச்சேன்."

ரைஃபிள் வலது மூலையில் சாய்ந்திருந்தது. மேல்தட்டில் தோட்டா டப்பா. அதன் பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிய ஒரு சிறிய துணிப்பை. வெர்னா பையை வெளிச்சத்தில் பிடித்தாள். மணிகள் இளஞ்சிவப்பாக இருந்தன.

"இத எப்பக் காய வெச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை, ஓவன் அடுப்புல வெச்சு. நல்ல நீலமா ஆன பிறகுதான் உள்ள வெச்சேன். ஒரு தடவ காய வெச்சா மாசக் கணக்குல நீலமாவே இருக்கும்."

"நாலு நாள்ல ஈரத்துல செவந்து போச்சு," என்றாள் வெர்னா மெதுவாக.

"அதுவும் வெக்கப்படுது போல," என்றான் டெல். வெர்னா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"இந்த ரெட்டை வீட்டோட மறு பாதி, தனி வாசல். வயசான தம்பதி. குளிருக்குப் பயந்து அரிசோனா போயிட்டாங்க. ஏப்ரல் வரைக்கும் காலி."

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. வெர்னா பெட்டியைச் சாத்தினாள்.

வந்தது டெபுடி கார்மக். இன்று அவருக்கு விடுப்பு என்பதால் சீருடை இல்லை. இடுப்பில் கைத்துப்பாக்கி மட்டும் இருந்தது. அகன்ற தோள், அமைதியான முகம். டோனட் நிறைந்த காகிதப் பை ஒன்றை மேஜைமேல் வைத்து, ஐவியின் தோளைத் தட்டினார்.

"தூங்குனீங்களா?"

"இல்ல."

"அதான் முகமே சொல்லுதே. டாக்டர் குடுத்த மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க. மூணு மணிக்கு அந்த சார்ஜென்ட் முன்னாடி இப்படி நடுங்கிட்டு உக்காந்தா, நீங்க சொல்றத யாரு நம்புவா?" பிறகு வெர்னாவிடம் திரும்பினார். "துப்பறியும் அம்மா என்ன சொல்றாங்க?"

"நீங்க உள்ள பாத்திருக்கீங்களா, டெபுடி?"

"நானா? ஒரு பொம்பளையோட பெட்டிய நான் எதுக்குத் திறந்து பாக்கணும்? கொண்டுவந்து வெச்சதோட சரி." ஒரு டோனட்டைக் கடித்தார். "ஐவி, ஒண்ணே ஒண்ணு யோசிங்க. ரைஃபிள் இடது மூலையில வெச்சது வெச்ச மாதிரியேதான இருக்கு? எதுவும் களவு போகல. அப்புறம் என்ன பயம்?"

ஐவி தலையைக் குனிந்துகொண்டாள். டெல்லுக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

வெர்னா நீளமாகப் பெருமூச்சு விட்டாள். "டெபுடி சொல்றதுதான் சரி. மலிவுப் பெட்டி. லாரி போனா ஆடும். தோட்டா விழும், நிக்கும். நாங்க கிளம்புறோம், ஐவி. நீங்க ஒரு நல்ல டாக்டரப் பாருங்க."

ஐவியின் முகம் வெளுத்தது. கடைசியாகப் பிடித்திருந்த கயிறும் அறுந்த முகம். டெல் வாயைத் திறந்தான். மேஜைக்கு அடியில் வெர்னாவின் பூட்ஸ் அவன் காலை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டான்.

கார்மக் விடைபெற்றார். அவருடைய பிக்கப் தெருமுனை திரும்பும்வரை வெர்னா ஜன்னலோரம் நின்று பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள். குரல் மாறியிருந்தது.

"டெல், கோட்டக் கழட்டு. பெட்டிக்குள்ள போ."

"என்னது?"

"பின்பக்கத்துல ஓட்டை இருக்கு. உள்ள இருட்டுல உக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

"பாஸ், ஆயிரம் கிலோ எருது முன்னாடி நிக்கச் சொல்லுங்க, நிக்கிறேன். அங்க ஓட இடம் இருக்கும். இதுக்குள்ள எங்க ஓடுறது?"

"ஓட வேண்டாம். உக்காந்தாப் போதும்."

அவள் ரைஃபிளை வெளியே எடுத்தாள். நடுத்தட்டைக் கழற்றினாள். ஐவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "உங்களுக்குப் புத்தி கெடலம்மா. நான் முன்ன சொன்னது உங்களுக்குச் சொன்னது இல்ல. இங்கயே நில்லுங்க. வாசல்ல யாரு வந்து தட்டினாலும் திறக்காதீங்க. டெல் உள்ள இருந்து தட்டினா மட்டும் இந்தக் கதவத் திறங்க."

டெல் முழங்காலை மார்போடு மடக்கி, ரைஃபிள் இருந்த வலது மூலையில் தன்னைத் திணித்துக்கொண்டான். கதவு மூடியது. தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

இருட்டு.

எண்ணெயும் பசையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. உள்ளே ஒட்டியிருந்த கம்பளத் துணி காதை உரசியது. கண்ணை அகல விரித்துப் பார்த்தான். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. 'ஓட்டை கிடையாது, பாஸ்' என்று கத்த நினைத்தபோது, வாசலில் வெர்னாவின் கார் உறுமியது. உறுமி, தூரத்தில் தேய்ந்து மறைந்தது.

போய்விட்டாள். தன்னை இதற்குள் அடைத்துவிட்டுப் போயேவிட்டாள்.

டெல்லுக்குத் தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. தட்டலாமா? தட்டினால் ஐவி திறப்பாள். கையைத் தூக்கினான்.

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் ஏதோ சுரண்டியது.

எலி இல்லை. எலி இவ்வளவு நிதானமாகச் சுரண்டாது. கிரீச், கிரீச் என்று திருகாணி சுழலும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது திருகாணி தரையில் உருண்டது. பலகை ஒன்றை நகர்த்தி வைக்கும் ஓசை. டெல் அங்குலம் அங்குலமாகத் தலையைத் திருப்பினான்.

பெட்டியின் பின்சுவரில் மயிரிழை போல ஒரு வெளிச்சக் கோடு தோன்றியது. கீழாக இறங்கியது. குறுக்கே ஓடியது. மீண்டும் மேலேறியது. சதுரமாக வெட்டிய தகரம் ஒரு கதவைப் போல அந்தப் பக்கம் விலகியது. கம்பளத் துணி மெல்ல மேலே எழுந்தது.

ஒரு கை உள்ளே வந்தது.

ரப்பர் கையுறை போட்ட வலது கை. எங்கே என்ன இருக்கிறது என்று பழகிய கை. நேராக ரைஃபிள் இருக்கும் மூலைக்கு வந்தது. விரல்கள் இருட்டில் விரிந்து, துப்பாக்கிக் குழலைத் தேடின. டெல்லின் மூக்கைத் தொட்டன. நின்றன. மறுபடியும், மெதுவாக, கன்னத்தைத் தடவின.

டெல் கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அந்தக் கை வெடுக்கென்று பின்வாங்கியபோது, அவன் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் மணிக்கட்டைப் பிடித்து, முழங்காலால் முட்டுக் கொடுத்து, தன் பக்கம் இழுத்தான். வெட்டிய தகர விளிம்பில் கை பதிந்தது. சுவருக்கு அப்பால் ஒருவன் அலறினான்.

"ஐவி! திற! திற!"

"திறக்கிறேன்!" பலகையில் எண்கள் ஒலித்தன. பீப் பீப் பீப், பிறகு ஒரு நீண்ட கரகரப்பு. "தப்பாயிடுச்சு! கை நடுங்குது!"

"பதறாம போடு தாயே!"

மறுபடி கரகரப்பு. மூன்றாவது முறை சத்தமே வரவில்லை.

"சிவப்பு விளக்கு எரியுது!" ஐவி அழுதாள். "மூணு தடவ தப்பாப் போட்டா அஞ்சு நிமிஷம் திறக்காது!"

விலை குறைந்த பெட்டியாம்! இதில் மட்டும் எவ்வளவு கண்டிப்பு!

அந்தப் பக்கம் அலறல் நின்றது. பதிலாக வேறொரு சத்தம் வந்தது. தோலுறையின் பித்தானை யாரோ இடது கையால் நெம்புகிற சத்தம். வலது இடுப்பில் மாட்டிய துப்பாக்கி. இடது கைக்குச் சுலபத்தில் எட்டாது. ஆனால் எட்டும். டெல்லுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் நடுவில் இருந்தது பிஸ்கட் டின். பித்தான் படக்கென்று விட்டது.

டெல் கண்ணை இறுக மூடினான். பிடியை விடவில்லை.

"அசையாத, கார்மக்."

வெர்னாவின் குரல். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஐவியோட அப்பா ரைஃபிள் உன் பிடரிக்கு நேரா இருக்கு. இடது கையத் தூக்கு. மெதுவா. டெல், நான் சொல்ற வரைக்கும் விடாத."

"விடச் சொன்னாலும் விரல் வராது, பாஸ்," என்று டெல் முனகினான்.

ஐந்து நிமிடம் கழித்து, எண் சரியாக விழுந்து கதவு திறந்தபோது அவன் வெளியே வரவில்லை, வழிந்தான். அவனும் ஐவியும் தட்டுத்தடுமாறி வீட்டின் மறு பாதிக்குப் போனார்கள். தூசு படிந்த அறையில், வேட்டைக் கோட்டும் சேறு படிந்த பூட்ஸுமாக, கார்மக் தரையில் உட்கார்ந்திருந்தார். கையும் காலும் டேப்பால் சுற்றப்பட்டிருந்தன. சுவரில் கழற்றி மாட்டும் மரப்பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் பின்னே, சுவரையும் பெட்டியின் முதுகையும் சேர்த்து வெட்டிய ஓட்டை வாயைப் பிளந்தது.

"வண்டிய ஆறு வீடு தள்ளி நிறுத்திட்டு கொல்லை வழியா நடந்து வந்தான்," என்றாள் வெர்னா. "நானும் அதேதான் செஞ்சேன். காலியாக் கிடக்கிற வீடுகளப் பாத்துக்கச் சொல்லி சாவியக் குடுத்துட்டுப் போறது இவன்கிட்டதான்."

ஐவி கார்மக் பக்கம் திரும்பினாள். "ஏன்? எனக்கு... பெட்டியக் கொண்டுவந்து வெச்சுக் குடுத்தீங்களே?"

வெர்னா கார்மக்கின் கோட்டுப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இருபதாவது. பெட்டி நம்பர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு ஊருக்கே தெரியும். உங்க ரைஃபிள், உங்க தோட்டா, பூட்டுல கீறல் இல்ல. மூணு நாளா தோட்டா நிக்குதுன்னு புலம்பினவங்க, இன்னிக்கு மாத்திரையப் போட்டுட்டு தானே சுட்டுக்கிட்டாங்கன்னா யாரு கேள்வி கேப்பா? டெஸ்மர இடிச்ச வண்டியப் பாத்த ஒரே சாட்சியும் போயிரும்."

"இவர்தான்னு எப்படி..."

"ரைஃபிள் இடது மூலையில இருக்குன்னு சொன்னான். நீங்க வெச்சது வலது மூலை. பெட்டிக்குப் பின்னால நின்னு பாக்கிறவனுக்குத்தான் அது இடது. மணி செவந்ததுலயே ஈரக்காத்து எங்க வழியா வருதுன்னு பாதி தெரிஞ்சு போச்சு. அவன் கிளம்பிப் போகும்போது வண்டியப் பாத்தேன். ஒரு பின்விளக்கு மங்கல், இன்னொண்ணு புத்தம் புதுசு."

டெல் அப்போதுதான் கவனித்தான். "பாஸ், தோட்டா டப்பா என் தலைக்கு மேல, பெட்டிக்குள்ளதான இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப உங்க கையில இருந்த ரைஃபிள்?"

"காலி," என்றாள் வெர்னா. கார்மக் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். டெல் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். "பொறின்னு உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நீ உள்ள போயிருக்க மாட்ட," என்றாள் அவள். பிறகு, குரல் தணிந்து, "தப்புதான்டா," என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சார்ஜென்ட் நெல் ப்ராக்டர் வந்தாள். கூட வந்த இரண்டு காவலர்கள் கார்மக்கை ஏற்றிக்கொண்டு போனார்கள். சார்ஜென்ட் குறிப்பேட்டைத் திறந்தாள். ஐவி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணே முக்காலுக்கு பள்ளிக்கூடம் விடும். நான் போகணும். வழியில சொல்றேனே?"

"உங்களால ஓட்ட முடியுமா?"

"நிக்கத்தான் முடியல. உக்காந்தா ஓட்டிருவேன்."

சார்ஜென்ட் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். "பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டுங்க. புள்ளைங்கள ஏத்தறதப் பத்தி அங்க போய் முடிவு பண்ணலாம்."

வெர்னா தன் காரை வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்து பிடித்தாள். டெல் பனியில் நின்றபடி, காருக்குள்ளிருந்த சின்ன இடத்தைப் பார்த்தான். கால் நகரவில்லை.

"ஏறு, டெல்."

"இன்னிக்கு வேணாம், பாஸ். எதுக்குள்ளயும் வேணாம்."

ஐவி அவனைப் பார்த்தாள். பேருந்தின் கதவைத் திறந்தாள். "இதுல வாங்க," என்றாள். "இருபத்தாறு ஜன்னல் இருக்கு. எல்லாத்தையும் திறந்து வெச்சுக்கலாம்."

பேருந்து கிளம்பியது. நடு வரிசையில் உட்கார்ந்த டெல் ஒவ்வொரு ஜன்னலாகக் கீழே இறக்கினான். குளிர் முகத்தில் அறைந்தது. அவன் வேண்டுமென்றே ஆழமாக மூச்சு இழுத்தான். சார்ஜென்ட் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குறிப்பேட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

வில்லோ வளைவு வந்தது. மூன்று வாரமாக இந்த இடத்தில் ஐவி வேகத்தைக் கூட்டுவாள், பள்ளத்தின் பக்கம் பார்க்க மாட்டாள். இன்று பிரேக்கை மிதித்தாள். மஞ்சள் பேருந்து முனகிக்கொண்டு நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இன்னும் நடுங்கின. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, பள்ளத்தைக் கை நீட்டிக் காட்டினாள்.

"இங்கதான்," என்றாள். "எழுதிக்கோங்க."